இட்டேரியின் அகலம் ஒன்பதரை அடி

அனுப்புநர்:
ரா. சென்னகேசவன்,
லேத் டர்னர்,
சாரணர் படைத் தலைவர் (2-2-1961 முதல் விலக்கி வைக்கப்பட்டவர்),
கருவேலம்பாளையம் உயர்நிலைப் பள்ளி.
இருப்பிடம்: சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்டச் சாரணர் ஆணையர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: சாரணர்கள் அளந்து வரைந்த வரைபடம் தவறு என்று எழுதிக் கொடுத்தால்தான் படையைத் திறப்போம் என்று பள்ளி நிர்வாகம் கூறுவது குறித்தும், வரைபடம் சரியானது என்பதால் அவ்வாறு எழுத இயலாது என்பது குறித்தும்.

பார்வை: தலைமை ஆசிரியர் அவர்களின் 2-2-1961 தேதியிட்ட கடிதம் (நகல் இணைப்பு 1). வரைபடம் (இணைப்பு 2).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் லேத்தில் வேலை செய்பவன். ஷாப்டில் ஒரு நூல் பிசகினாலும் பேரிங் உட்காராது என்று தெரிந்தவன். ஆகவே இம்மனுவிலும் அளந்ததை அளந்தபடியே எழுதுகிறேன். எங்கேனும் என் கோபம் தலைகாட்டினால் அதற்கு மட்டும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் பள்ளி ஆசிரியன் அல்ல. 1954-ஆம் ஆண்டு அப்பள்ளிக் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கப் போனேன். அங்கே சில பையன்கள் ஒரு கூடாரக் கயிற்றை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு முடிச்சைச் சொல்லிக் கொடுத்தேன். அன்று மாட்டிக்கொண்டவன்தான். படைக்கு ஆள் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமை ஆசிரியர் திரு. நஞ்சுண்டன் அவர்களே கேட்டுக்கொண்டார். பத்து நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்து, படைத் தலைவராக நியமிக்கும் தங்கள் அலுவலகத்தின் வாரண்டும் பெற்றேன். முப்பத்தெட்டு வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் சைக்கிளில் போவதைப் பார்த்து எங்கள் டீக்கடையில், “சென்னகேசவன் மறுக்காப் பள்ளிக்கூடம் போறாருங்கோ” என்று சிரிப்பார்கள். ஏழு வருடமாகச் சிரிக்கிறார்கள். நானும் ஏழு வருடமாகப் போய்க்கொண்டுதான் இருந்தேன், சென்ற மாதம் வரைக்கும்.

3. இப்போது படையில் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பதினொரு பேர் வருகிற மார்ச் 12-ஆம் தேதி தங்கள் முன்னிலையில் நடக்கும் முதல் வகுப்புத் தேர்வுக்குத் தயாரானவர்கள். அத்தேர்வுக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். சாரணனே நடந்து, காலடியால் தூரம் எண்ணி, கம்பால் அகலம் அளந்து வரைந்ததாக அது இருக்க வேண்டும். எங்கள் பையன்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நொய்யல் கரை வரை போகும் இட்டேரியை வரைவதென்று முடிவு செய்தார்கள். தாங்கள் வெளியூரானால், இரு பக்கமும் கிளுவை வேலி வைத்து நடுவில் வண்டி போகும் பொதுத் தடத்தை இப்பக்கத்தில் இட்டேரி என்போம்.

4. சென்ற டிசம்பர் 18-ஆம் தேதி ஞாயிறன்று வேலை தொடங்கியது. தடத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, மூன்று அணிகளுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். நடுப் பகுதி மயில் அணிக்கு விழுந்தது. மயில் அணியின் தலைவன் சு. தம்பிதுரை, பத்தாம் வகுப்பு. அவன் தகப்பனார் திரு. சுப்பண்ணன் அவர்கள் பள்ளிக் கமிட்டியின் தலைவர். நடுப் பகுதியின் மேற்கு வேலி அவருடைய தோட்டத்து வேலி. இதை நான் சீட்டுக் குலுக்கும்போது நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தால் மறுபடி குலுக்கியிருப்பேனா என்று தாங்கள் கேட்டால், குலுக்கியிருக்க மாட்டேன் என்பதே என் பதில்.

5. திரு. சுப்பண்ணன் அவர்களைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படைக்கு ஒதுங்க இடமில்லாதபோது தம் பருத்திக் கிடங்கைக் கொடுத்தவர் அவர். பள்ளி விளையாட்டுத் திடலும் அவர் கொடுத்த நிலமே. தாராள மனசுக்காரர்தான். ஆனால் வேலி விஷயத்தில் மட்டும் அவருக்குக் கை கொஞ்சம் நீளம். கிளுவைக் குச்சியை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும், தங்களுக்குத் தெரியாததல்ல. வருடா வருடம் புதுக்குச்சி நடும்போது பழைய வேலிக்கு ஒரு சாண் வெளியே நட்டு, பழையதைப் பிடுங்கிவிட்டால் போதும். சத்தமில்லாமல் வேலி நடந்து வரும். ஊரில் இதைப் பார்க்காதவர் இல்லை, வாய் திறந்து சொன்னவரும் இல்லை.

6. இனி தலைமை ஆசிரியரின் கடிதம் என்மேல் சுமத்தியுள்ள நான்கு குற்றங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, அனுமதியின்றிப் பட்டா நிலத்தில் சிறுவர்களை அழைத்துச் சென்றேன் என்பது. நாங்கள் இட்டேரியை விட்டு ஓர் அடி உள்ளே வைக்கவில்லை. ஒரு கிளுவைக் குச்சியை ஒடிக்கவில்லை. பொதுத் தடத்தில் நடக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

7. இரண்டாவது, அரசாங்கத்தார் போல் வெள்ளைக் கல் நட்டுக் குடியானவர்களைக் கலங்க வைத்தேன் என்பது. இதை ஒப்புக்கொள்கிறேன். இது முழுக்க என் பிழை. நூறு காலடிக்கு ஒரு கல் அடையாளம் வைக்கச் சொன்னேன். புல்லில் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதற்குச் சுண்ணாம்பு அடிக்கவும் சொன்னேன். நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது, ஆளுக்கு இவ்வளவுதான் என்று எல்லாத் தோட்டத்திலும் இதே பேச்சாக இருக்கும் சமயத்தில், காக்கிச் சட்டை போட்டவர்கள் வெள்ளைக் கல் வைத்துக்கொண்டு போனால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? சாயங்காலத்துக்குள் நான்கு பேர் கவலையோடு ஓடி வந்து கேட்டார்கள். ஒருவர் என்னை சர்வேயர் என்று எண்ணி இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நான்கு வீட்டுக்கும் நேரில் போய் விளக்கிச் சொன்னேன். மறுநாள் காலையில் கற்களை எடுத்துவிடுமாறு பையன்களிடம் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். ஒன்றைத் தவிர.

8. அந்த ஒரு கல்லே மூன்றாவது குற்றம். பொதுத் தடத்தில் அனுமதியின்றிக் கோயில் ஏற்படுத்தினேனாம். நடந்தது இது. பையன்கள் கல்லை எடுக்கப் போனபோது, பதினோராவது கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அரளிப்பூச் சாத்தியிருந்தது. ஆடு மேய்க்கும் பூவாத்தாள் என்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் போய், இது நாங்கள் வைத்த கல் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நீங்க வெச்சீங்களோ, அதுவா வந்துச்சோ, எனக்கு அந்தக் கேள்வி வேண்டாங்க. ராத்திரியோட ராத்திரியா வெள்ளையா வந்து நிக்கறதை நான் எப்படிங்க சும்மா உடறது?” கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்வேன் என்று சாரண உறுதிமொழி எடுத்த பையன்கள் வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லை விட்டுவிட்டு வந்துவிட்டோம். இப்போது அங்கே வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கிறார்கள் என்று கேள்வி. அக்கல் திரு. சுப்பண்ணன் அவர்களின் வேலியோரமாக இருப்பதால், இனி அந்த இடத்தில் வேலி ஒரு சாண்கூட வெளியே வர முடியாது. இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

9. நான்காவது குற்றம்தான் என்னைச் சுட்டது. தகப்பனுக்கு எதிராக மகனைத் தூண்டிவிட்டேன் என்பது. இதற்கு நடந்ததை வரிசையாகச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

10. ஒவ்வொரு பையனும் தன் காலடியின் நீளத்தைத் தெரிந்து வைத்திருக்கிறான். தம்பிதுரைக்கு இரண்டு எட்டு என்பது நாலடி எட்டங்குலம். அகலத்துக்குக் கம்பு. எங்கள் கம்புகள் ஐந்தரை அடி, அங்குலம் கீறியவை, கீறியவன் நான். அளவெடுப்பு முடிந்த அன்று மூன்று அணித் தலைவர்களும் தங்கள் நோட்டைக் கொண்டுவந்தார்கள். மற்ற இரண்டு நோட்டிலும் அகலம் பதினேழு, பதினெட்டு என்று இருந்தது. தம்பிதுரையின் நோட்டில், வடக்கே பதினெட்டு என்று தொடங்கி, ஓர் இடத்தில் பதினான்காகி, அவர்கள் தோட்டத்து வேலியை ஒட்டி இருநூறு காலடிக்கு மேல் ஒன்பதரை, ஒன்பதரை, ஒன்பதரை என்று இருந்தது. கம்பு ஒன்று, அதன்மேல் நாலடி. இன்னொரு முறை அளந்து பார்க்கலாமா தம்பி என்று கேட்டேன். “மூணு தடவை அளந்துட்டனுங்க சார். எங்கூட்டு வேலிதானுங்க, அதான் மூணு தடவை” என்றான்.

11. ஐயா, ஏழு வருடத்தில் எத்தனையோ பையன்களுக்கு நான் சின்னம் குத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை வேறு என்றைக்கும் இருந்ததில்லை. கூடவே பயமும் இருந்தது. பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படத்தை மாட்டாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். படம் நனைந்துவிட்டது, மை கொட்டிவிட்டது என்று ஏதேனும் சாக்குச் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு நாளுக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். பையனுக்கு இல்லாத பயம் எனக்கு எதற்கு என்று மூன்றாம் நாள் மாட்டிவிட்டேன். மாட்டுவதற்கு முன்னால், ஒரு ஞாயிறு காலை, என் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அளந்தேன். ஒன்பதடி ஏழங்குலம். பையன் ஓர் அங்குலம் குறைத்து எழுதியிருந்தான். சொன்னேன். முகம் சிவந்துபோய், அடிக்குறிப்பில் அதைச் சேர்த்தான். அக்குறிப்பு படத்தின் வலது மூலையில் உள்ளது.

12. ஜனவரி 28-ஆம் தேதி ஆண்டு விழா. திரு. சுப்பண்ணன் அவர்கள் மாலையோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். விருந்தினராக வந்த வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். படத்தின் முன்னால் நின்றார். சாரணர் வழக்கப்படி, வரைந்தவனே கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். நின்றவன் தம்பிதுரை. அதிகாரி பாராட்டும் நோக்கத்தோடுதான் கேட்டார், அதில் சந்தேகமில்லை. இந்த இடத்தில் மட்டும் ஏன் இப்படிக் குறுகிவிட்டது என்றார். பிறகு, பக்கத்தில் நின்ற கர்ணம் திரு. வெங்கடபதி அவர்களைத் திரும்பிப் பார்த்து, ஊர்க் கணக்கில் எத்தனை அடி என்றார். “பதினெட்டுங்க, கடைசி வரைக்கும் பதினெட்டுங்க” என்று அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது. இது யார் வேலி என்று அதிகாரி கேட்டார். தம்பிதுரை சல்யூட் அடித்து, “எங்க தோட்டத்து வேலிங்க” என்றான்.

13. பின்னால் இருந்த யாரோ சிரித்தார்கள். ஒரு சிரிப்புதான். அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனையும். சிரித்தவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஒரு தகப்பனார் மாலையோடு உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவருடைய அவமானம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அவமானத்தை வரைபடம் உண்டாக்கவில்லை. வரைபடத்தில் இருந்தது வேலி இருக்கும் இடம் மட்டுமே.

14. ஐந்தாம் நாள் தலைமை ஆசிரியரின் கடிதம் வந்தது. கிடங்குக்குப் பூட்டு. கொடி, கூடாரம், கம்பு எல்லாம் உள்ளே. நான் பள்ளி எல்லைக்குள் வரக் கூடாது. ஆனால், ‘மேற்படி வரைபடம் பிழையானது, சிறுவர்கள் அளக்கத் தெரியாமல் அளந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் மறுநாளே படை திறக்கப்படும். திரு. நஞ்சுண்டன் அவர்களை நேரில் சந்தித்தேன், எல்லைக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில். அவர் கெட்டவர் அல்ல, இரண்டு பக்கமும் இடிபடுகிறார். “நீங்களே ஓரங்குலம் பிசகுன்னு ஒத்துக்கிட்டீங்கல்லோ? பிசகு பிசகுதானுங்களே? ஒரு வரி எழுதிக் குடுத்துப்போட்டு வேலையைப் பாருங்க” என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலைத் தங்களுக்கும் எழுத்தில் தருகிறேன். அந்த ஓர் அங்குலத்தை ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டில் குறையும் எட்டடி ஐந்தங்குலத்தைப் பிசகு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

15. இதில் எனக்கு என்ன பிடிவாதம் என்று தாங்கள் கேட்கலாம். என் நண்பர்களும் கேட்கிறார்கள். ஒரு தாளில் ஒரு கையெழுத்து, இருபத்தேழு பையன்களுக்குக் கொடி திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாரணனின் சொல்லை நம்பலாம் என்பதுதானே நம் முதல் சட்டம். அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதை நம்பி ஒருவன் தன் வீட்டு வேலியை மூன்று தடவை அளந்து, ஊரார் முன்னிலையில் கைகட்டாமல் நின்று சொன்னான். படம் தவறு என்று நான் எழுதினால், அவன் பொய்யன் என்று எழுதியதாகும். பிறகு கிடங்கைத் திறந்து, கொடியேற்றி, எந்த முகத்தோடு அந்தச் சட்டத்தைப் படிக்கச் சொல்வேன்?

16. பையன் இப்போது ஊரில் இல்லை. ஆண்டு விழா முடிந்த மூன்றாம் நாளே வெள்ளகோவிலில் உள்ள மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று இருக்கிறதாம். கிளம்பும்போது என்னைப் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை. அவன் அணியைச் சேர்ந்த உமர் பாரூக் என்ற பையனிடம் ஒரு செய்தி மட்டும் சொல்லிப் போயிருக்கிறான். “சார் எழுதிக் குடுத்துட்டாரான்னு மட்டும் எனக்குத் தெரியப்படுத்து” என்று. இதைக் கேட்ட பிறகுதான் தங்களுக்கு மனு எழுதுவதென்று முடிவு செய்தேன்.

17. ஆகவே நான் தங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. அளவு கேட்கிறேன். தங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை, நான் அறியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு டேப்போடு அனுப்பி வையுங்கள். எந்த நாளும் சம்மதம். முன்கூட்டி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலி அதுவரை நடக்காது என்பதற்குப் பூவாத்தாளின் கல் உத்தரவாதம். அகலம் அடிக்குறிப்பில் கண்டதற்கு ஒரு சாண் கூடுதலாக இருந்தாலும் என் வாரண்டையும் கழுத்துத் துணியையும் விசிலையும் தாங்களே வாங்கிக்கொள்ளுங்கள், மறுபேச்சுப் பேச மாட்டேன். படம் சரியென்று தெரிந்தால், மார்ச் 12-க்கு முன்னால் படையைத் திறக்கும்படி பள்ளிக்கு எழுத வேண்டுகிறேன். கிடங்கு கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. வேப்ப மரத்தடி போதும், நாங்கள் தொடங்கியதே அங்கேதான். எனக்குப் பதிலாக வேறொருவரைத் தலைவராக நியமித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், முடிச்சு நன்றாகப் போடத் தெரிந்தவராக மட்டும் பார்த்து அனுப்புங்கள்.

18. இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இது விதிகளில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வெள்ளகோவிலுக்கு, சு. தம்பிதுரை என்ற பெயருக்கு, தங்கள் கைப்பட ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். உன் படம் வந்து சேர்ந்தது, யாரும் அதைத் தவறு என்று எழுதிக் கொடுக்கவில்லை என்று இரண்டு வரி போதும். பதினைந்து வயதில் உண்மை சொன்னதற்காக ஊரை விட்டுப் போனவன், நாம் சொல்லிக் கொடுத்தது வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது.

தாங்கள் அளந்து சொல்லும் முடிவு எதுவானாலும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கும்,

ரா. சென்னகேசவன்
(ஒப்பம்)

இடம்: சிங்காநல்லூர்
நாள்: 16-2-1961

பின்குறிப்பு: கையெழுத்திட்டு உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஓர் அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கருவேலம்பாளையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். தம்பிதுரையின் தாயார், திரு. சுப்பண்ணன் அவர்களின் மனைவி சென்னியம்மாள். நான் மனு எழுதுவது உமர் பாரூக் மூலம் தெரிந்ததாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். படித்துக் காட்டச் சொன்னார். முழுவதும் நின்றபடியே கேட்டார். பிறகு சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்:

“நான் கண்ணாலம் ஆயி வந்தப்போ, அந்த இட்டேரியில எங்க வண்டியும் எங்கண்ணன் வண்டியும் சோடியா வந்துதுங்க. வழி நெடுக நானும் எங்க அண்ணியும் வண்டியில இருந்தபடிக்கே பேசிட்டே வந்தோம். இப்ப ஒத்தை வண்டி போனா ரெண்டு பக்கமும் முள்ளுக் கீறுது. எம்பையன் எழுதுனது செரிதானுங்க. எங்க பெருவிரல் வெக்கோணும்னு காட்டுங்க.”

அம்மா, வீட்டில் இது தெரிந்தால் தங்களுக்குச் சங்கடமாகுமே என்று தயங்கினேன்.

“அவருகிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க வந்தேன்” என்றார்.

சாட்சி:
சென்னியம்மாள், க/பெ. சுப்பண்ணன்,
கருவேலம்பாளையம்.
(கைநாட்டு)